நெய்வேலிப் பிள்ளைகளுக்குத் தொழில்: கட்டடமா, கடனா, ஆர்டரா?

காரைக்குடியில் படித்து, நெய்வேலியில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு ஊர் திரும்பிய நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு தொகை திரட்டியிருக்கிறோம். 20 லட்சத்தைத் தொடும். நெய்வேலியைச் சுற்றி, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் சொந்தத் தொழிலில் நிலைக்க இது உதவ வேண்டும் என்பது வரைக்கும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. எப்படி என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒரு வழி. கட்டடம் கட்டலாம் என்கிறார் ஒருவர். குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுங்கள், காலம் மாறிவிட்டது என்கிறார் மூன்றாமவர். அடுத்த கூட்டத்தில் முடிவெடுத்தாக வேண்டும். அதற்காகப் படித்தும் விசாரித்தும் வைத்ததை இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு குழுக்களுக்கும் பயன்படலாம்.

ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு விஷயம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நாளைக்கே நின்றுவிடப்போவதில்லை. 1962-ல் ஓட ஆரம்பித்த 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையத்தை 2020-ல் நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக 1000 மெகாவாட்டில் புதியது ஒன்று வந்துவிட்டது. நாட்டின் நிகர பூஜ்ய உமிழ்வு இலக்கு 2070. ஆக, அவகாசம் இருக்கிறது. வெளிநாட்டு நிலக்கரி ஊர்கள் பலவற்றுக்கு இந்த அவகாசம் கிடைத்தும் அதைப் பயன்படுத்தவில்லை. கதவு மூடிய பிறகுதான் என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து யோசித்தார்கள்.

இரண்டாவது, நிலம் கொடுத்தவர் நிரந்தர வேலை கேட்பதும் நியாயமான இழப்பீடு கேட்பதும் உரிமைப் பிரச்சினை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெல்லுக்குள் இயந்திரம் இறங்கியதை டிவியில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'நீயே ஒரு தொழில் தொடங்கிக்கொள், தம்பி' என்பது அந்தக் கோரிக்கைக்குப் பதிலாக ஆகிவிடக் கூடாது. எங்கள் குழு செய்வது தனி, அது தனி.

சரி, எங்களைப் போன்ற செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதில் என்ன அனுபவம் இருக்கிறது என்று கேட்கலாம். ஒற்றை வருமானம் நின்றுபோன பகுதி இது. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் வட்டிக்குப் பணம் கொடுக்கும் செட்டியார் கடைகள் சுமார் 1,650 இருந்தன. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், 1948-ல் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது, 1963-ல் மிச்சமிருந்ததையும் அரசு எடுத்துக்கொண்டது. அதோடு ஆட்கள் முடங்கிவிடவில்லை. பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தின் தொழில் 1900-ல் பர்மாவின் மோல்மேனில் தொடங்கியது. 1949-ல் அவர்கள் சைக்கிள் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். எங்கே? சென்னை அம்பத்தூரில். சொந்த ஊரான பள்ளத்தூரில் இல்லை. இன்றைக்குக் கானாடுகாத்தானில் ஒரு தெரு நடந்து பார்த்தால் பாதி வீட்டில் காவல்காரர் மட்டும்தான் இருக்கிறார். தொழில்முனைவோர் நன்றாகவே வளர்ந்தார்கள். ஊருக்கு அதில் கிடைத்தது குறைவு.

அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது ஆளுக்கா, ஊருக்கா? இரண்டுமே நல்ல நோக்கம்தான். ஆனால் ஒன்றைச் செய்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைப்பதற்கு எங்கள் ஊரே இடம் கொடுக்கவில்லை.

கட்டட யோசனையை எடுத்துக்கொள்வோம். எங்கள் குழுவில் இதற்குத்தான் ஆதரவு அதிகம். மறைந்த நண்பர் ஒருவரின் பெயரையும் வைக்கலாம் என்பது ஒரு காரணம். இன்குபேட்டர் என்று இப்போது சொல்கிறார்கள்: இடம், இணையம், மேசை, ஆலோசகர். ஜெர்மனியின் நிலக்கரிப் பகுதியான ரூரில், டோர்ட்மண்ட் நகரத்தில் 1985-ல் இப்படி ஒரு தொழில்நுட்ப மையம் திறந்தார்கள், நன்றாக ஓடியது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே 1968-லிருந்து ஒரு பல்கலைக்கழகம் நடந்துகொண்டிருந்தது. பதினேழு வருடம் இன்ஜினியர்கள் படித்து வெளியே வந்த பிறகுதான் கட்டடம் எழும்பியது. எசென் நகரத்தில் 1986-ல் மூடிய சோல்வெரைன் சுரங்கம் 2001-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாகி, இன்றைக்கு அருங்காட்சியகமும் வடிவமைப்புக் கூடங்களுமாக இருக்கிறது. பார்க்க அழகு. அதற்குப் பின்னால் ஒரு மாநில அரசு பல வருடம் கொட்டிய பணம் இருக்கிறது.

ரூரிலிருந்து இன்னொரு பாடம் இதைவிட முக்கியம். சுரங்கக் கம்பெனிகள் தங்களிடம் இருந்த நிலத்தைப் பல காலம் வெளியாருக்கு விற்கவே இல்லை. வேறு தொழில் வந்தால் ஆள் கிடைக்காது என்ற பயமும் அதில் உண்டு. கடைசியில் 1980 வாக்கில் மாநில அரசே ஒரு நிதி வைத்து நிலத்தை வாங்கிச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. நெய்வேலியிலும் டவுன்ஷிப்பும் சுரங்கம் தோண்டி முடித்த நிலமும் சுரங்கத்தை நடத்தும் என்எல்சி கம்பெனி கையில்தான். நிலம், கட்டடம் இரண்டும் அரசு பேச வேண்டிய பேச்சு. நம் 20 லட்சத்தில் சுற்றுச்சுவர் எழுப்பலாம்.

காரைக்குடிக்குக் கல்வி கொண்டுவந்த அழகப்பச் செட்டியாரை இங்கே இழுப்பார்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் திறந்தது. அவர் மட்டும் இல்லாவிட்டால் காரைக்குடி இன்னொரு சந்தை ஊர். நான் படித்ததே அந்தக் கல்விப் புண்ணியத்தில்தான். ஆனாலும் ஆய்வகம் வந்து எழுபது வருடம் தாண்டியும் அதைச் சுற்றி பேட்டரித் தொழிற்சாலைகள் வரிசையாக எழும்பவில்லை. இத்தனைக்கும் பேட்டரிக்கு வேண்டிய கிராஃபைட் நம் சிவகங்கை மாவட்டத்து மண்ணிலேயே கிடைக்கிறது. படித்தவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போனார்கள், நாங்கள் நெய்வேலிக்குப் போனோம். அறிவைக் கொண்டுவந்து ஊரில் வைப்பது ஒரு வேலை. அந்த அறிவை ஊரிலேயே காசு கொடுத்து வாங்க ஆள் இருப்பது வேறு வேலை.

பெரிய ஆலையை அழைத்து வருவது எங்கள் கையில் இல்லை, அதனால் சுருக்கமாக. ரூரில் போகும் (Bochum) என்ற நகரத்தில் மூடிய சுரங்க நிலத்தில் 1962-ல் ஓப்பல் கார் தொழிற்சாலை வந்தது, 2014-ல் போய்விட்டது. அதே ஊரில் அரசு மானியம் வாங்கிய நோக்கியா ஆலை 2008-ல் மூடி ருமேனியாவுக்கு நகர்ந்தது. பிரிட்டனின் தெற்கு வேல்ஸில் 1996-ல் எல்ஜி 6,100 வேலை தருவதாக அறிவித்தது. சிப் ஆலைக்குக் கட்டடம் கட்டினார்கள், சிப் வெளியே வரவே இல்லை. ஒரு முதலாளியை நம்பி இருந்த ஊரை இன்னொரு முதலாளியை நம்ப வைப்பதற்குத் தொழில்முனைவு என்று பெயர் இல்லை.

கடனுக்கு வருவோம். இதில் எங்கள் ஆட்களுக்குக் கை துறுதுறுக்கிறது, பரம்பரை அப்படி. ஆனால் தொழில் தொடங்கக் கடன் கிடைக்கும் வாசல்கள் ஏற்கெனவே பல. மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை. இடத்தையும் பிரிவையும் பொறுத்து 15-லிருந்து 35 சதவீதம் வரை மானியம். மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 5 கோடி வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டித் தள்ளுபடியும் உண்டு. வேலையில்லா இளைஞர் திட்டத்தில் 15 லட்சம் வரை. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் விண்ணப்பம் போடலாம். இதற்கு மேல் நம் 20 லட்சத்தை ஆளுக்கு 2 லட்சமாகப் பிரித்துக் கொடுத்தால் பத்துப் பேருக்கு ஆளுக்கொரு வெல்டிங் மெஷின் வரும். அடுத்த மாதம் அந்தப் பத்துப் பேரும் ஒரே காண்டிராக்டர் வாசலில் நிற்பார்கள். தவிர, வட்டிக்குக் கொடுப்பதென்றால் 1957-ம் வருடத்துச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும். நண்பர்கள் குழு அதற்குள் இறங்குவது தேவையில்லாத வம்பு.

பர்மாவை நாம் எப்போதும் இழந்தவர் பக்கத்திலிருந்தே சொல்கிறோம். கடன் வாங்கியவர் பக்கமும் ஒன்று இருந்தது. 1930-ல் நெல் விலை விழுந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் அந்த வருடம் சுமார் 6 சதவீதம். 1938-க்குள் 25 சதவீதம். யாரும் திட்டம் போட்டு நிலத்தைப் பிடிக்கவில்லை, நெல்லாக வரவேண்டிய கடன் நிலமாக வந்தது. விவசாயிக்கோ பயிரிட்ட நிலம் போனது. விற்பதற்கு ஒரே பொருள், வாங்குவதற்கு ஒரே சந்தை என்று இருக்கும் இடத்தில் கடனை அதிகப்படுத்தினால் விலை விழும் அன்றைக்கு என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். நெய்வேலிச் சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்கும் இன்றைக்கு ஒரே சந்தைதான்.

பயிற்சி பற்றி ஒரே ஒரு செய்தி. அமெரிக்காவின் கெண்டக்கியில், பைக்வில் என்ற ஊரில், வேலை இழந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு மென்பொருள் எழுதக் கற்றுக்கொடுக்க 2015 வாக்கில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். விண்ணப்பித்தவர்கள் 900 பேருக்கு மேல். எடுத்தது பத்துப் பேர் அளவில். எடுத்தவர்கள் நன்றாகவே செய்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மீதி ஆட்களுக்கு என்ன என்பதற்கு எந்தப் பயிற்சி வகுப்பிடமும் பதில் கிடையாது. கன்வேயர் பெல்ட் ஒட்டத் தெரிந்தவரை, மோட்டார் வைண்டிங் கட்டத் தெரிந்தவரைப் பிடித்து முதல் வகுப்பிலிருந்து உட்கார வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

தொழிலாளர்களே சேர்ந்து நடத்தும் நிறுவனம் என்பது எங்கள் குழுவில் ஒரே ஒருவர் சொன்ன யோசனை, ஆனால் படிக்கப் படிக்க என்னை இழுத்தது அதுதான். வேல்ஸில் டவர் என்று ஒரு சுரங்கம். லாபம் இல்லை என்று 1994 ஏப்ரலில் மூடினார்கள். அங்கே வேலை பார்த்த 239 பேர், வேலை போனதற்குக் கிடைத்த பணத்திலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்ட் போட்டு அந்தச் சுரங்கத்தையே வாங்கினார்கள். 1995 ஜனவரி 2-ம் தேதி கொடியோடு ஊர்வலமாகப் போய்த் திறந்தார்கள். லாபம் இல்லை என்று சொன்ன சுரங்கம் 2008 வரை, நிலக்கரி தீரும் வரை, ஓடியது. யாரும் அவர்களுக்கு நிர்வாகப் பயிற்சி கொடுக்கவில்லை. சுரங்கத்தில் எங்கே நிலக்கரி மிச்சம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், எங்கே காசு வீணாகிறது என்றும் தெரியும்.

ஆனால் இதை அப்படியே நெய்வேலிக்குக் கொண்டுவர முடியாது. டவர்காரர்களிடம் வாங்குவதற்கு ஒரு சுரங்கம் இருந்தது, போடுவதற்குக் கையில் மொத்தப் பணம் இருந்தது, அவர்களுக்குள் நீண்ட சங்கப் பழக்கம் இருந்தது. இங்கே நிரந்தரத் தொழிலாளி சம்பளத்தில் இருக்கிறார், அவருக்கு அவசரம் இல்லை. அவசரம் இருப்பது ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சிறு காண்டிராக்டருக்கும். அவர்களிடம் மொத்தமாகப் பணம் இல்லை. இந்த வழியை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு நாம் தொடங்கிவைக்கக் கூடியது இல்லை என்று மட்டும் சொல்வேன்.

கடைசியாக நான் சொல்லும் வழி. புதிதாகத் தொழில்முனைவோரைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. வடலூர், மந்தாரக்குப்பம் பக்கம் போய்ப் பாருங்கள்: பெல்ட் ஒட்டுபவர், பம்ப் ரிப்பேர், ஹைட்ராலிக் சீல் மாற்றுபவர், லேத் பட்டறை. சுரங்கத்தை நம்பி ஏற்கெனவே தொழில் செய்பவர்கள் நிறைய. நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப் வேலையில் அங்கே கை பழகியவர் எங்கேயும் போய் வேலை செய்வார். ஆனால் ஒரே வாடிக்கையாளர், அதுவும் பலருக்கு நேரடியாகக்கூட இல்லை, பெரிய காண்டிராக்டர் வழியாக. ரூரிலும் சுரங்கத்துக்குச் சப்ளை செய்த கம்பெனிகள் பல காலம் வேறு வாடிக்கையாளரைத் தேடவே இல்லை. சுரங்கம் சுருங்கியபோது அவையும் சேர்ந்து சுருங்கின. தப்பியவை, தூசியும் கழிவுநீரும் கையாண்ட அனுபவத்தைச் சுற்றுச்சூழல் தொழில்நுட்பமாக வெளியில் விற்கப் பழகியவை.

அப்படியானால் இரண்டாவது வாடிக்கையாளர் யார்? அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் சுரங்கம், பெல்ட், கிரஷர், பம்ப், எல்லாம் ஒரே ஜாதி இயந்திரம். நெய்வேலியிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். கீழப்பழுவூரில் இருப்பது செட்டிநாடு சிமெண்ட், பெயரே சொல்லிவிடுகிறது. நெல்லிக்குப்பத்தில் பாரி சர்க்கரை ஆலை இருக்கிறது. 1981-லிருந்து அது முருகப்பா குழுமத்தின் கையில். அம்பத்தூருக்குப் போன தொழில் சுற்றி வளைத்து நெய்வேலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது என்றால் அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்? அங்கே பராமரிப்புப் பிரிவில் எங்கள் வகுப்பில் படித்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வடலூர்ப் பட்டறைக்காரருக்கு அந்தக் கேட்டுக்குள் யாரையும் தெரியாது. எங்களிடம் 20 லட்சத்தைவிடப் பெரிய சொத்து இந்த அறிமுகம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. என் ஐயா ரங்கூனுக்குப் போனது பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையின் எடுபிடிப் பையனாக. கணக்கு எழுதி, கடை கூட்டி, அடுத்தாளாகி, மூன்று வருடத் தவணைகள் முடித்த பிறகுதான் சொந்தமாகக் கொடுக்கல் வாங்கல். கிட்டங்கியில் ஒரே கூரைக்கு அடியில் பல கடைகள்; யார் நம்பகமானவர், யாரிடம் என்ன பேச வேண்டும் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தாலே காதில் விழும். கையில் பணம் வருவதற்கு முன்பே பழக்கம் வந்துவிடும். அது ஒரு சாதிக்குள் மூடிக்கிடந்த ஏற்பாடு என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலம் கொடுத்த வன்னியர் பையனுக்கும் தலித் பையனுக்கும் அந்தக் கதவு திறக்காவிட்டால் நாம் ஏன் இதைச் செய்ய வேண்டும்?

சட்டத்திலும் கொஞ்சம் பிடிமானம் இருக்கிறது. என்எல்சி போன்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள் எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்கு 4 சதவீதமும் பெண்களுக்கு 3 சதவீதமும் ஒதுக்கீடு. வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் வருடச் சட்டம் சொல்கிறது. பில்லை வைத்து முன்கூட்டியே பணம் வாங்க ட்ரெட்ஸ் என்ற இணைய மேடையும் வந்துவிட்டது. பழைய உண்டியல் (ஹுண்டி) வியாபாரம்தான், கம்ப்யூட்டரில். ஆனால் பெரிய காண்டிராக்டருக்குக் கீழே துண்டு வேலை எடுப்பவருக்கு இவற்றில் பாதி எட்டாது. அவர் பெயரில் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, ஜிஎஸ்டி, சோதனைச் சான்றிதழ் எதுவும் இருக்காது. இந்தக் காகித வேலைக்கும், முதல் ஆர்டருக்கு மாதிரி செய்து காட்டும் செலவுக்கும், ஆளை அரியலூருக்கு அனுப்பி வரும் செலவுக்கும் எந்த வங்கியும் கடன் தராது. நம் பணம் போக வேண்டிய இடம் அது.

இந்த வழியிலும் ஓட்டை இருக்கிறது. அறிமுகத்தில் கிடைத்த ஆர்டர், அறிமுகம் செய்தவர் ஓய்வு பெற்றதும் போய்விடலாம். வேலை நன்றாக வந்தால் பட்டறையே அரியலூருக்கு நகர்ந்துவிடலாம். ஆளுக்கு நல்லது, ஊருக்கு? ஆள் வடலூர்க்காரராக இருந்து, கூட வேலை பார்க்கும் நாலு பேரும் அந்த ஊர்க்காரர்களாக இருக்கும் வரை நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். குழுவில் சிலருக்கு இதில் உடன்பாடு இல்லை.

குழுவில் இருக்கும் ஆச்சி ஒருவர் கேட்டது இதைவிடக் கடினமான கேள்வி. "எல்லாம் லேத்து, பம்பு, பெல்ட்டுன்னே பேசுறீக. பொம்பளைக என்ன செய்யிறது?" நியாயம்தான். நிலக்கரி ஊர்களுக்கான திட்டங்களைப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் தொப்பி போட்ட ஆணின் படம்தான். பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது, முந்திரியும் பலாவும் அங்கே கொட்டிக்கிடக்கின்றன. உடைத்துத் தரம் பிரித்த முந்திரிக்குக் காரைக்குடிக் கல்யாணச் சமையல்காரர்களைவிடப் பெரிய கை வேறு யாருக்கு? செட்டிநாட்டு ஓலைக் கொட்டானும் கண்டாங்கிச் சேலையும் புவிசார் குறியீடு வாங்கியிருக்கின்றன. ஆனால் பேர் மட்டும் போதாது. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைகளுக்கு வேலை பெருகியது புது வீடு கட்டுபவர்களும் பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றியவர்களும் கல் கேட்டு வந்ததால். முந்திரிக்கும் அப்படி ஆர்டரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அதற்கு ஆச்சியே இரண்டு சமையல் மேஸ்திரிகளிடம் பேசிவிட்டார். நாங்கள் இன்னும் சிமெண்ட் ஆலைக்குக் கடிதம் எழுதும் நிலையில்தான் இருக்கிறோம்.

கூட்டத்தில் நான் வைக்கப்போவது இது. தொகையில் 8 லட்சம் பட்டறைகளின் பதிவு, சான்றிதழ், மாதிரி, பயணம் ஆகியவற்றுக்கு. 4 லட்சம் முந்திரிக்கு, பொறுப்பு ஆச்சியிடம். மீதி 8 லட்சத்தை வங்கியில் வைப்பாகப் போட்டு, முதல் ஆர்டர் பிடித்தவருக்கு நடைமுறை மூலதனம் கிடைக்க அதை ஈடாகக் காட்டலாம். வங்கி மேலாளர் முடியும் என்கிறார், எழுத்தில் கேட்டிருக்கிறேன். முதல் வருடத்தில் ஐந்து பட்டறைக்கு மேல் எடுக்க வேண்டாம். அந்த ஐந்தில் நிலம் கொடுத்த குடும்பங்கள் எத்தனை, எந்தத் தெருவிலிருந்து என்று பார்த்துத்தான் பட்டியலுக்குக் கையெழுத்து. கட்டடத்துக்கு ஆதரவானவர்கள் பெயர்ப்பலகை எங்கே என்று கேட்பார்கள். முந்திரிப் பாக்கெட்டில் நண்பர் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், அவருக்கு முந்திரி ரொம்பப் பிடிக்கும்.